மேகம் வெளுத்துப் போகிறதா? ஃபில்டர் செட்டை வாங்கிவிடாதீர்கள்

திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எலியட்ஸ் கடற்கரையில் எடுக்கும் படங்களில் மேகம் வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறதாம், கண்ணுக்குத் தெரிந்த மடிப்பும் நிழலும் படத்தில் காணோமாம். கையில் டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 லென்ஸ். கடையில் கேட்டால் யுவி, போலரைசர், நீலம், ஆரஞ்சு எல்லாம் சேர்ந்த ஃபில்டர் செட்டை எடுத்து நீட்டுகிறார்கள், வாங்கலாமா என்கிறார்.

வேண்டாம். உங்கள் பிரச்சினைக்கு முதல் மருந்து கேமராவிலேயே இருக்கிறது. ஈர மணல், படகு, ஆட்கள் என்று கீழே இருட்டாக இருப்பதையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது, அந்த ஏற்றத்தில் மேகம் எரிந்துபோகிறது. அப்படி முழு வெள்ளையாகிவிட்ட இடத்தில் தகவலே கிடையாது, எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அதனால் ப்ளஸ்-மைனஸ் குறி போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1-க்குக் கொண்டுபோங்கள். எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது எரிந்த பகுதி கண்சிமிட்டும்படி ஒரு வசதி மெனுவில் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். மேகத்தில் சிமிட்டல் நிற்கும்வரை குறையுங்கள். மணல் இருட்டாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம், சென்சார் பிடித்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாக எடுத்தால் நிழலைப் பிறகு தாராளமாகத் தூக்கலாம். மொபைல் என்றால் மேகத்தின் மேல் விரலை வைத்து, வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், அவ்வளவுதான்.

அந்த ஃபில்டர் செட் சமாசாரத்துக்கு வருகிறேன். யுவி ஃபில்டர் ஃபிலிம் காலத்துத் தேவை. டிஜிட்டல் சென்சாரின் முன்னால் உள்ள கண்ணாடியே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. நீலமும் ஆரஞ்சும் கம்ப்யூட்டரில் ஒரு நிமிட வேலை. மலிவுக் கண்ணாடியை லென்ஸின் முன்னால் மாட்டினால் சூரியன் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒளிப்புள்ளிகள் கூடுதலாக விழும், அதுதான் மிச்சம். முதல் கேமரா வாங்க வரும் பிள்ளைகளிடம், வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், "இது இல்லாமல் வானம் வராது" என்று சொல்லி இதைக் கட்டிவிடுகிறார்கள். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. "சென்னை வானம் ப்ரீசெட்" என்று, ஒரே தட்டில் படத்தின் நிறத்தை மாற்றும் ரெடிமேட் அமைப்புக்குக் காசு வாங்குகிறவர்களும் இதே ரகம்தான். எரிந்த மேகத்துக்கு எந்த ப்ரீசெட்டும் உயிர் கொடுக்காது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு, போலரைசர். அதைத் தனியாக, நல்லதாக வாங்கலாம். லென்ஸ் மூடியின் உள்பக்கம் 58, 52 என்று போட்டிருக்கும் மி.மீ. அளவைப் பார்த்து வாங்குங்கள். லென்ஸில் மாட்டி அதன் வளையத்தைத் திருப்பினால், நீல வானத்திலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதியை அது வெட்டிவிடும், மேக ஒளியை அந்த அளவுக்குத் தொடாது, அதனால் நீலம் ஆழமாகி மேகம் எடுப்பாக நிற்கும். ஆனால் எல்லாத் திசையிலும் நடக்காது. சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைத் திருப்புங்கள். கட்டைவிரல் காட்டும் இடங்களில்தான் பலன் அதிகம். எலியட்ஸில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், வீடுகளின் பக்கம் இருக்கும். அப்போது கடலைப் பார்த்து எடுத்தால் போலரைசர் மாட்டியும் ஒன்றுதான், மாட்டாததும் ஒன்றுதான். வடக்கே அடையாறு முகத்துவாரம் பக்கமோ தெற்கே திருவான்மியூர் பக்கமோ திரும்புங்கள், வித்தியாசம் தெரியும். 18-இல் மிக அகலமாக எடுத்தால் வானத்தில் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் பட்டை விழும், கொஞ்சம் ஜூம் செய்துகொள்ளுங்கள். பழைய 18-55 சிலவற்றில் ஃபோகஸ் ஆகும்போது முன்முனையே சுழலும், ஆகவே ஃபோகஸ் செய்த பிறகு ஃபில்டரைத் திருப்புங்கள். வானவில் வந்தால் கவனம், தவறான கோணத்தில் திருப்பினால் அது மறைந்தே போகும். புழுக்கத்தில் வானம் பால்போல் இருக்கும் நாளில் போலரைசரும் பெரிதாக உதவாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு நல்ல மழை ஓய்ந்த மறுநாள் காலை போய்ப் பாருங்கள், தூசி கழுவப்பட்ட அந்த வானத்துக்கு ஃபில்டரே தேவைப்படாது.

ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் லென்ஸில் பனி படியும், பையை மூடியபடியே கால் மணி நேரம் விடுங்கள். உப்புத் திவலையை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், முதலில் ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள்.

அப்புறம் பிரிண்ட். இந்த லேப் நடைமுறையில் எனக்குப் பொறுமையே இல்லை. விடியலில் கருநீலமாக எடுத்த மழைமேகத்தை ஒரு லேபில் கொடுத்தேன், மெஷின் தானாகவே வெளிச்சம் ஏற்றி, பட்டப்பகல் மேகமாக அச்சடித்துத் தந்தது. கேட்டால் "எல்லாருக்கும் இப்படித்தான் சார்" என்கிறார்கள். ஃபைலைக் கொடுக்கும்போதே "கரெக்‌ஷன் வேண்டாம்" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.