வன்னி விவசாயிகளுக்கு மரபணு மாற்றப் பயிர்களை அரசு அனுமதிக்க வேண்டுமா?

கிளிநொச்சியில் வயலும் கொஞ்சம் மேட்டுக்காணியும் செய்கிறவன் நான். அனுமதிக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் ஒவ்வொரு பயிராகப் பார்த்து, எங்களையும் கூட்டத்தில் இருத்திவைத்துப் பேசிய பிறகு.

இப்போதைக்கு இலங்கையில் மரபணு மாற்றப் பயிர் எதுவும் வணிகரீதியாகப் பயிரிடப்படுவதில்லை. 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் கடைக்கு வரும் உணவைப் பற்றியவை. எங்கள் கவலை வயலுக்கு வரும் விதை.

முதலில் சோளத்தைப் பார்ப்போம். 2018இல் நாட்டுக்குள் வந்த சேனாப் புழுவைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். குருத்தை விரித்தால் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் அடைந்து கிடக்கும். அதற்கு அடியில் புழு சுகமாக இருக்கும். மேலால் அடிக்கிற மருந்து அதற்குப் போய்ச் சேராது. விடியவும் பொழுதுபடவும் மருந்துத் தாங்கியைச் சுமப்பவருடைய உடம்புக்குத்தான் சேரும். பிலிப்பைன்சிலும் வியட்நாமிலும் பிடி (Bt) சோளம் பயிரிடுகிறார்கள், அதாவது ஒரு மண் பக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி செய்த சோளம். கலப்பினச் சோள விதையை நாங்கள் ஏற்கெனவே போகத்துக்குப் போகம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், அதனால் விதை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் இங்கே அவ்வளவு பொருந்தாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விதைக்கவும் முடியாது. சோள மகரந்தம் காற்றோடு போகும், வேலிக்கு அப்பால் இருப்பவரையும் கேட்டாக வேண்டும்.

கத்தரிக்கு வங்காளதேசத்தைப் பார்க்கலாம். அங்கே 2013இல் பிடி கத்தரிக்கு அனுமதி கொடுத்து, அடுத்த வருடமே 20 விவசாயிகளிடம் நாற்றுக் கொடுத்தார்கள். ரகங்கள் அரச ஆராய்ச்சி நிறுவனத்துடையவை, விதையை எடுத்துத் திரும்ப விதைக்கலாம். இந்தியாவோ 2010இல் அதே கத்தரியை நிறுத்திவைத்தது.

நெல் என்றால் நான் லேசில் சம்மதிக்க மாட்டேன். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்களை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். விதைநெல்லைச் சொந்தக்காரருக்குள் மாற்றிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. அதில் கை வைப்பதானால் மிகப் பெரிய காரணம் வேண்டும்.

அப்புறம், இந்தியப் பருத்தி. 2002இல் அனுமதி கொடுத்தபோது, பிடி பருத்தியோடு கொஞ்சம் சாதாரணப் பருத்தியும் நட வேண்டும், இல்லாவிட்டால் புழு அந்த நஞ்சுக்குப் பழகிவிடும் என்று விதி போட்டார்கள். பெரும்பாலான விவசாயிகள் நடவில்லை. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிக்கொண்டது. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஒரு மூலையைப் புழுவுக்கு விடு என்றால், அந்த நட்டத்தை யார் கொடுப்பது? அதைச் சொல்லாத விதி தாளோடு நின்றுவிடும்.

2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்ததில் நாங்கள் பட்டது போதும். நவம்பரில் தடையை நீக்கியபோது காலபோகம், அதாவது மாரிகால விதைப்பு, ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஆனால் எங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்கு நல்ல வழக்கம் ஒன்று உண்டு. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், வாய்க்கால் எப்போது திறப்பது என்பதைக் கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் ஒன்றாய் இருந்து கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். சத்தம் வரும், சண்டையும் வரும், ஆனாலும் தீர்மானம் வாய்க்கால்வரை வந்து சேரும். விதைக்கும் அதே மாதிரிக் கூட்டம் வையுங்கள். இந்த மண்ணிலேயே இரண்டு காலபோகமாவது பரிசோதனை வயல் போட்டுக் காட்டுங்கள். விளைச்சல் பிழைத்தால் நட்டஈடு எவ்வளவு, யார் தருவது என்பதை விதைக்க முன்னமே தமிழில் எழுதிக் கையில் தாருங்கள்.