டிஆர்6 வாங்கவா, எம்ஜிபி வாங்கவா?

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கிறேன், வயது 54. கையில் 25,000 பவுண் இருக்கிறது. 1972 டிரையம்ப் டிஆர்6 ஒன்றை 22,000க்கும், 1973 எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றை 12,000க்கும் பார்த்து வைத்திருக்கிறேன். "பழைய கார் விலை ஏறிக்கொண்டேதான் போகும், இலாபத்துக்கு வரியும் இல்லை, வேகமானதையே வாங்கு" என்கிறார் மச்சான். எது நல்ல முதலீடு?

பதில்: மச்சான் சொன்னதில் வரி விஷயம் சரி. பிரிட்டனில் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. அதே காரணத்தால், நட்டப்பட்டால் அந்த நட்டத்தைப் பங்கு விற்ற இலாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள். இந்தப் பாதியை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

வேகத்தில் போட்டியே இல்லை. டிஆர்6இல் 2498 சிசி, ஆறு சிலிண்டர், லூக்காஸ் கம்பனியின் எரிபொருள் இன்ஜெக்ஷன். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்துக்கு வர 8 விநாடிக்குச் சற்று மேல். உச்ச வேகம் 120 மைலை ஒட்டி. எம்ஜிபியின் 1798 சிசி நாலு சிலிண்டருக்கு அதே 60ஐத் தொட 12 விநாடி வேண்டும். 105 மைலோடு மூச்சு வாங்கிவிடும்.

ஆனால் 22,000 கொடுக்குமுன் டிஆர்6இன் தொழிற்சாலை இலக்கத் தகட்டைப் பாருங்கள் (வெளியே தெரியும் பதிவு இலக்கத்தை அல்ல). 'சிபி' என்று தொடங்கினால் 150 குதிரைவலு என்று விற்ற கார். 'சிஆர்' என்றால் சுமார் 125. அந்தக் குறைவில் ஒரு பங்கு அளக்கும் முறை மாறியதால் வந்தது. 1972 என்பதால் இரண்டில் எதுவும் இருக்கலாம். 'சிசி' என்றிருந்தால் அது அமெரிக்காவுக்குப் போன கார்புரேட்டர் வண்டி, இன்ஜெக்ஷனே இராது. வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றி, மினுக்கி நிறுத்தியிருப்பார்கள். அதற்கு இந்த விலை கொடுக்காதீர்கள்.

சாலை வரி இல்லை, எம்ஓடி என்ற வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை, லண்டனில் புகை கூடிய வண்டிகளுக்கு அறவிடும் யூலெஸ் கட்டணமும் இல்லை: 40 வயது தாண்டிய இரண்டுக்கும் இவை பொது. காப்புறுதியை மட்டும் 'ஒப்புக்கொண்ட பெறுமதி' முறையில் எடுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை.

பணத்தைத் தின்பது கறள்தான். நானும் ஒரு எம்ஜிபி வைத்திருந்தேன். கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும். பிணைச்சல் தேய்ந்துவிட்டது என்று ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன். கராஜில் தூக்கிப் பார்த்தால், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' (sill) என்ற இரும்புப் பகுதி உள்ளுக்குள் உக்கி, கார் நடுவில் தொய்ந்திருந்தது. எம்ஜிபிக்குத் தனி அடிச்சட்டம் (சேசிஸ்) இல்லை, அந்தச் சில்தான் முதுகெலும்பு. டிஆர்6க்குத் தனி அடிச்சட்டம் உண்டு. அது பின்பக்கம், டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டியை) பிடிக்கும் இடத்தில் உக்கும். இருந்தாலும் எம்ஜிபி 5 இலட்சத்துக்கு மேல் செய்த கார். முழு உடற்கூடே புதிதாகக் கிடைக்கிறது.

அதனால் என் வாக்கு எம்ஜிபிக்கு. முதலீடு என்றல்ல, செலவு என்று எழுதிக்கொண்டு வாங்குங்கள். மிச்சம் 13,000இல் 4,000ஐத் திருத்த வேலைக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். இந்த 25,000 தவிர வேறு சேமிப்பே இல்லையென்றால், சரி, இரண்டையும் மறந்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். கதவுக்குக் கீழான அந்தச் சில் பகுதியில் அது ஒட்டாமல் விழுகிற இடத்தில் இருப்பது இரும்பல்ல, ஓட்டையை மறைக்க அடைத்த பூச்சு.