பிள்ளை போனை எடுத்து “அம்மா இல்லை” என்றால்

கேள்வி: குச்சவெளியில் கருவாட்டு வாடி வைத்திருக்கிறேன். வெளிநாட்டுச் சமூக முதலீட்டாளர்களின் காசைக் கொண்டுவந்து பெண்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் 3 இலட்சம் ரூபாய் எடுத்தேன். 24 மாதம், குறைந்து வரும் நிலுவைக்கு வருடம் 14 சதவீத வட்டி. 11 தவணை ஒழுங்காகக் கட்டினேன். நவம்பர் 10 தொடக்கம் மூன்று தவணை கட்டவில்லை. மழை, கடலில் தொழிலும் இல்லை. அவர்கள் நல்ல ஆட்கள், சத்தம் போடமாட்டார்கள். கோல் வந்தால் மகள் எடுத்து அம்மா இல்லை என்று சொல்லிவிடுவாள். பிணைக்கு என் மச்சாள் கையெழுத்து வைத்திருக்கிறா. 2018இல் வந்ததுபோல் தள்ளுபடி வரும், பொறுத்திரு என்று சிலர் சொல்கிறார்கள். கிழமைக் கடன் ஒன்று எடுத்து இதை அடைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: மழையையும் கடலையும் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி ஒரு வரி. பிள்ளைக்கு என்ன வயது என்றுகூட அதில் இல்லை.

கோல் அடிப்பது யார், எதற்காக அடிக்கிறார்கள், தான் சொல்வது பொய் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பிள்ளையை மீனுக்கு உப்புப் போடப் பழக்கலாம், வாடிக் கணக்கு எழுதப் பழக்கலாம். கடன் தந்தவர்களுக்குப் பொய் சொல்லப் பழக்க எந்தத் தாய்க்கும் உரிமை இல்லை. இன்று பின்னேரம் போனை நீங்களே எடுங்கள். அவர்கள் அடிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அடித்தால் இன்னும் நல்லது.

பிள்ளை சொன்ன அந்த வார்த்தை கந்தோரில் என்னவாகிறது என்று உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. பீல்ட் ஒபிசர் ஒவ்வொரு கோலையும் பதிய வேண்டும்: திகதி, பேசியவர், சொன்ன காரணம். நாலு தரம் “அம்மா இல்லை” என்றால் காரணம் எழுதும் இடத்தில் “தொடர்பில்லை” என்று விழும். இப்படிப்பட்ட நிறுவனங்கள் நிலுவைக்காரரை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கும். கட்ட முடியாதவர் ஒரு பக்கம், கட்ட மனமில்லாதவர் மறுபக்கம். முதலாமவருக்குத் தவணையை நீட்டுவார்கள். இரண்டாமவருக்குக் கடிதம், பிணையாளி, மத்தியஸ்த சபை, பிறகு வழக்கு. நீங்கள் முதலாவது ஆள். உங்கள் பிள்ளையின் வாயால் உங்களை இரண்டாவது பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

நல்ல ஆட்கள்தான், ஆனால் அவர்களுக்கும் மேலே ஆள் உண்டு. ஒரு தவணை 30 நாள் பிந்தினால், பிந்திய 12,500 ரூபாய் மட்டும் ஆபத்துக் கணக்கில், அதாவது திரும்பி வராமல் போகக்கூடிய கடன் கணக்கில், ஏறுவதில்லை. மிச்ச முதல் முழுவதும் ஏறும். உங்கள் பெயரில் அது 162,500. மொத்தக் கடனில் இந்தக் கணக்கு இத்தனை வீதத்தைத் தாண்டக்கூடாது என்று காசு தந்த நிதியம் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கும். தாண்டினால் கிளையிடம் விளக்கம் கேட்கப்படும். அப்போது ஒபிசர் காட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு புதிய அட்டவணை வேண்டும். “தொடர்பில்லை” என்ற சொல்லை வைத்து அவர் யாரிடமும் உங்களுக்காக வாதாட முடியாது.

சமூக முதலீட்டாளருக்குப் பொறுக்கத் தெரியாது என்றில்லை. 1998 வெள்ளத்தில் பெருந்தொகையானோர் சிக்கிய பிறகு பங்களாதேஷின் கிராமீன் வங்கி, கஷ்டப்பட்டவருக்குத் தவணையை நீட்டும் வழியைத் தன் விதியிலேயே சேர்த்தது. கொவிட் வந்த 2020இல் நுண்கடன் நிறுவனங்களுக்குக் காசு கொடுத்த பெரிய நிதியங்கள் சில, யாரும் முந்திக்கொண்டு காசைப் பிடுங்குவதில்லை என்று தங்களுக்குள் எழுதி ஒப்புக்கொண்டன. ஆனால் கணக்கைத் திறந்து காட்டியவரோடுதான் இப்படிப் பேச முடியும்.

ஆகவே கணக்கை எழுதுங்கள். ஒரு கொப்பியில் போன இரண்டு வருடத்தையும் மாதம் மாதமாகப் போடுங்கள்: எத்தனை கிலோ பச்சை மீன் எடுத்தீர்கள், எத்தனை கிலோ கருவாடு போனது, உப்பு, கூலி, லொறி, கையில் நின்றது எவ்வளவு. வாடைக் காற்றில் கடலும் கொந்தளிக்கும், வெயிலும் இராது, படங்கின் கீழ் நெத்தலி புழுத்துப்போகும். இது குச்சவெளியில் எல்லோருக்கும் தெரியும், அட்டவணை போட்டவருக்குத் தெரியாது. வருடம் பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை போட்டது அவர்கள் பிழை. அதைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தது உங்கள் பிழை.

கேட்க வேண்டியது இதுதான். மிச்ச முதலைத் தொழில் நடக்கும் மாதங்களில் மட்டும், மார்ச் முதல் ஒக்டோபர் வரை, இரண்டு பருவமாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். 16 தவணை, முதல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10,160, அதோடு வட்டி. இடைப்பட்ட வாடை மாதங்களில் வட்டி மட்டும். இன்றைய முதலுக்கு அது மாதம் 1,900 அளவில்தான் வரும், அடுத்த வாடைக்குள் முதல் பாதியானால் அதுவும் பாதியாகும். பிந்திய மூன்று மாத வட்டி, சுமார் 5,700, தனியாக நிற்கட்டும். அதை முதலோடு சேர்க்க விடாதீர்கள், சேர்த்தால் வட்டிக்கு வட்டி ஏறும். தண்ட வட்டியைத் தள்ளக் கேளுங்கள். பழையதை மூடப் புதிய லோன் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் அவர்களுடைய கணக்கு வெள்ளையாகும், உங்கள் முதல் பெருகும். இணங்கியதைத் தமிழில் எழுதி, இரு பக்கமும் கையெழுத்து வைத்து, ஒரு பிரதி கையோடு வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும் வேண்டாம், ரசீது இல்லாமல் காசும் வேண்டாம். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். 2,000 ரூபாயாவது கட்டிவிட்டு உட்காருங்கள், பேச்சு வேறு மாதிரிப் போகும்.

தள்ளுபடி பற்றி: 2018இல் வந்தது வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நிலுவைக் கடனுக்கு. உங்கள் திருகோணமலை மாவட்டமும் அதில் இருந்தது உண்மை. உங்கள் கடன் மூன்று இலட்சம். பொறுத்திரு என்கிறவர்கள் உங்கள் தவணையைக் கட்டப்போவதில்லை. கிழமைக் கடனும் வேண்டாம். தொழில் இல்லாத மாதத்தில் எடுத்து அடுத்த கிழமையே கட்டத் தொடங்க வேண்டும். எதை விற்றுக் கட்டுவீர்கள்? வேறு கடன் ஏதும் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், யாருக்கு எங்கே கடன் என்று காட்டும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் பார்த்துவிடுவார்கள்.

இனி மச்சாள். அவவுக்கு இது தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன். பெப்ரவரி 8ஆம் திகதியோடு உங்கள் நவம்பர் தவணைக்கு 90 நாள். பிணையாளிக்குக் கடிதம் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அவ கையெழுத்து வைத்தது உங்கள் முகத்துக்காக, அண்ணனோ தம்பியோ கட்டிக்கொண்ட உறவுக்காக. தபால்காரன் வாசலில் வந்து நின்றுதான் அவ அறிய வேண்டுமா? கிளைக்குப் போவதற்கு முதல் நாள் அவ வீட்டுக்குப் போங்கள். கொப்பியையும் கொண்டுபோங்கள். ஏசுவா, ஏசட்டும். மறுநாள் கந்தோருக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒபிசர்மார் காலையில் வெளியே நிற்பார்கள், மூன்று மணிக்குப் பிறகு போனால் ஆளைப் பிடிக்கலாம்.