"நீங்கள்லாம் இப்படித்தான்!"

கேள்வி: நானும் அண்ணனும் எதிரெதிர்க் கட்சி. தேர்தல் பேச்சு எடுத்தாலே பத்து நிமிடத்தில் கத்தலாகிவிடும். போன மாதம் எல்லோர் முன்னாலும் "உனக்கெல்லாம் மூளையே கிடையாது" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இனி அரசியலே பேசாமல் இருப்பதுதான் மரியாதையா?

பதில்: இல்லை. 'உன்னிடம் பேசிப் பயனில்லை' என்பதைச் சொல்லாமல் சொல்கிற மௌனமும் உண்டு. முதலில் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் கருத்துக்கு வேண்டாம். "அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புண்ணே", அவ்வளவுதான். "ஆனா நீயும்..." என்று இழுத்தால் கேட்ட மன்னிப்பு வீண். திட்டியது எல்லோர் முன்னால் என்பதால் இதுவும் அவர்கள் காதில் விழட்டும்.

அடுத்த முறை, பதில் சொல்லும் முன் அவர் வாதத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். "ஆமா, அதைத்தான் சொல்றேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் முறை. அனட்டோல் ராப்போபோர்ட் என்ற கணித அறிஞர் காட்டிய வழி இது. பலர் சறுக்குவதும் இங்கேதான்: "அப்போ ஏழைங்க எப்படிப் போனாலும் பரவாயில்லைங்கிற, அதானே?" இது அவர் வாதம் அல்ல, அதன் கேலிச்சித்திரம்.

'நீ' எப்போது 'நீங்கள்லாம்' ஆகிறது என்று கவனியுங்கள். அந்த நொடியில் அவர் அண்ணன் அல்ல, கட்சியின் வக்கீல். தலைவர் செய்த தவறுக்கெல்லாம் அவரே பதில் சொல்ல வேண்டியதாகிறது; வேறு வழியின்றி முட்டுக்கொடுப்பார்.

"ஏன் ஆதரிக்கிற?" என்பதைவிட "அந்தத் திட்டம் எப்படி நடக்கும்?" என்று கேளுங்கள். படிப்படியாக விளக்க முயல்பவர், தனக்குத் தெரிந்தது நினைத்ததைவிடக் குறைவு என்று உணர்வதாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனால் மனம் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே கேள்வியை முதலில் உங்கள் கட்சித் திட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். குரல் தானாக இறங்கும்.

அப்படியும் சூடேறினால் நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணுங்கள். 25ஐத் தாண்டினால், அதாவது நிமிடத்துக்கு 100க்கு மேல் போனால், எதிராளி சொல்வது காதில் ஏறாது. "அரை மணி கழிச்சுப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொல்லாமல் போனால் அது வெளிநடப்பு. உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும். அதற்குள் அடுத்த பதிலடியை மனதில் ஒத்திகை பார்த்தால் தணியாது. சொன்ன நேரத்தில் திரும்பி வந்துவிடுங்கள்.