போர்ச்சினியா, கசப்புப் போலீட்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: படம் அனுப்பியிருக்கிறேன். போர்ச்சினி என்ற உண்ணும் காட்டுக் காளான்தானே, சமைக்கலாமா?

ப: இந்த வாரமும் இதேதான். குடையை மேலிருந்து எடுத்த ஒரே படம், அதிலும் பாதியை இலை மறைத்திருக்கிறது. பழுப்புக் குடையை மட்டும் வைத்து ஜோசியம்தான் சொல்ல முடியும். அடிப்பக்கத் துளைகள் தெரிய வேண்டும், தண்டு அடிவரை முழுசாகத் தெரிய வேண்டும், நீளவாக்கில் வெட்டிய சதையும் வேண்டும். போர்ச்சினியின் தண்டில் மேல்பகுதியில் வெள்ளையாக மெல்லிய வலைப்பின்னல் ஓடும். அதைப் போலவே தோன்றும் கசப்புப் போலீட் காளானில் அதே வலை தடித்து, தண்டைவிடக் கருத்துத் தெரியும். இளசில் இரண்டுக்கும் துளைகள் வெளுப்புதான், அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முற்றினால் போர்ச்சினிக்கு மஞ்சளாகிப் பிறகு பச்சை கலக்கும், மற்றதற்கு இளஞ்சிவப்பு ஏறும். கசப்பன் விஷமில்லை, ஆனால் ஒன்றே ஒன்று விழுந்தாலும் சட்டி முழுக்க வீண். சரி, மறுபடி படம் அனுப்புங்கள், இந்தத் தடவை காளானைத் திருப்பிப் போட்டு.

கே: வெட்டியதும் நீலமானால் விஷமா?

ப: அப்படி ஒரு விதி கிடையாது. பே போலீட் என்ற இன்னொரு துளைக் காளானிலும் லேசாக நீலம் பாயும், அது நல்ல உணவு. போர்ச்சினியின் சதையோ வெள்ளையாகவே நிற்கும், ஆகவே நீலமானால் உங்களுடையது போர்ச்சினி இல்லை. துளைகளும் சிவப்பாக இருந்தால் கூடையில் போடாதீர்கள்.

கே: வெள்ளிக் கரண்டி கருக்காவிட்டால் சாப்பிடலாம் என்கிறார்களே?

ப: சுத்தப் பொய். டெத் கேப் என்ற கொடிய விஷக் காளானைக் கொதிக்க வைத்தாலும் கரண்டி பளபளவென்றே இருக்கும், அதன் நஞ்சும் சமையலில் போகாது. அதற்குக் குடையின் அடியில் துளை இல்லை, மெல்லிய தகடுகளாக அடுக்கிய செவுள்தான். திருப்பிப் பாருங்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

கே: போர்ச்சினியை வீட்டில் வளர்க்க முடியுமா?

ப: முடியாது. பைன், ஸ்புரூஸ், ஓக், பீச் போன்ற உயிருள்ள மரங்களின் வேரோடு சேர்ந்து வாழ்வது. வைக்கோலில் முளைக்க இது சிப்பிக்காளான் இல்லை.

கே: உலர்ந்த போர்ச்சினி பாக்கெட்டில் இருப்பது ஒரே இனமா?

ப: பல சமயம் இல்லை. லண்டனில் வாங்கிய ஒரு பாக்கெட்டின் டிஎன்ஏவைப் பார்த்ததில், அதுவரை அறிவியல் பெயரே வைக்கப்படாத மூன்று இனங்கள் இருந்தன. 2014இல் வந்த ஆய்வு. சரக்கு சீனாவிலிருந்து வந்தது. சாப்பிட்டவர்கள் அது பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

கே: சுமார் 25 செ.மீ. குடை. வெட்டினால் புழு.

ப: அந்த அளவுக்கு முற்றினால் புழு இருக்கத்தான் செய்யும். பஞ்சுபோல் பச்சையான துளைப்பகுதியைச் சீவி எறியுங்கள், ஓரிரு ஓட்டைதான் என்றால் மீதியை மெல்லிசாக நறுக்கிக் காயவையுங்கள். தண்டு முழுக்கச் சல்லடையாக இருந்தால் காட்டிலேயே விட்டுவிடுங்கள்.