காற்று வீசியும் காய் இளைப்பது ஏன்?

கேள்வி: மேலெழுச்சி நடக்கும், அதாவது காற்று மேல்தண்ணீரை விலக்கக் கீழிருந்து சத்துள்ள குளிர்த்தண்ணீர் மேலே வரும் கரையோரத்தில் தெப்பம் கட்டி, அதில் தொங்கும் கயிறுகளில் கல்லுமேக்காய் வளர்க்கிறேன். இரண்டு பருவமாகக் காய் இளைத்துப்போகிறது. வேகவைத்துத் திறந்தால் சதை ஓட்டில் பாதியைக்கூட நிரப்பவில்லை. காற்று வழக்கம்போல வீசுகிறது. தண்ணீரோ வெதுவெதுப்பாக, கண்ணாடிபோல் கிடக்கிறது. யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் கலந்த ‘பிளாங்டன் பூஸ்டர்’ போட்டால் காய் தின்னும் பாசி பிடிக்கும் என்கிறார் டீலர். எவ்வளவு போடலாம்?

பதில்: ஒரு கிலோகூடப் போடாதீர்கள். அது குளத்துச் சரக்கு. குளத்தில் தண்ணீர் நிற்கும். உங்கள் தெப்பத்தடியில் ஓட்டம் நொடிக்கு 5 சென்டிமீட்டர்தான் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே நாளில் அந்தத் தண்ணீர் 4 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். டயட்டம் என்ற நுண்பாசி நன்றாக வளர்ந்தாலே நாளைக்கு ஒன்றிரண்டு முறைதான் இரட்டிக்கும். உரத்துக்குப் பாசி பிடிப்பதற்குள் உரமும் பாசியும் உங்கள் கயிற்றைத் தாண்டியிருக்கும். யூரியாவைத் தின்று பெருகும் நச்சுப் பாசிகளும் உண்டு. ஓட்டத்தை ஒரு நாளும் அளந்து பார்க்காதவர்தான் கடலில் கொட்ட உரம் விற்பார். அவர் பேச்சைக் கேட்டுப் பணத்தை விடாதீர்கள்.

காற்று குறையாமலே சத்து குறையும். மேல் அடுக்கு சூடேறித் தடித்துவிட்டால், காற்று மேலே இழுத்துவருவது அந்தச் சூடான தண்ணீரையேதான். நைட்ரேட்டும் சிலிக்காவும் உள்ள குளிர்த்தண்ணீர் அதற்கும் கீழே தங்கிவிடும். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வருடங்களில் பெருவின் கரையில் நடப்பது இதுதான். நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் கரைக்காற்று வலுக்கும், மேலெழுச்சி கூடும் என்று 1990இல் ஆண்ட்ரூ பாகுன் என்ற கடல் விஞ்ஞானி சொன்னார். சில கரைகளில் காற்று வலுத்துமிருக்கிறது. ஆனால் மேலே சூட்டு மூடியும் தடிக்கிறதே! இரண்டில் எது ஜெயிக்கும் என்பது கரைக்குக் கரை மாறும். மூடி ஜெயித்தால் பெரிய டயட்டம் குறைந்து பொடிப் பாசி மிஞ்சும்; அதில் பெரும்பகுதி கல்லுமேக்காயின் செவுளில் நிற்காமல் நழுவிவிடும்.

இப்போது நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இந்த இளைப்புக்குக் காரணம் கடலா, என் கயிறா? தெப்பத்தின் வெளிவரிசையில் பத்துக் காய், நடுவரிசையில் பத்துக் காய், ஒரே அளவாக எடுங்கள். தனித்தனியாக வேகவைத்துச் சதையை நிறுங்கள். இரண்டும் ஒன்றுபோல இளைத்திருந்தால் கடலில் தீனி இல்லை. வெளிக்காய் கொழுத்து நடுக்காய் மட்டும் இளைத்திருந்தால், வருகிற தீனியை வெளிவரிசையே தின்று தீர்க்கிறது. கயிற்றைக் குறையுங்கள், காயைப் பிரித்துக் கட்டுங்கள். மேலெழுச்சி வளம் கொழிக்கும் ஸ்பெயினின் கலீசியாவிலேயே தெப்பத்துக்கு 500 கயிறு, கயிறு 12 மீட்டர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். நல்ல வருடத்துக்குக் கட்டிய அதே அடர்த்தியைச் சூடான வருடத்திலும் கட்டுகிறோம். எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

இன்னொன்று. வருகிறவர்களிடமெல்லாம் நான் கெஞ்சிக் கேட்பது: ஒரு தெர்மாமீட்டர், கயிற்றில் கட்டிய ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு நோட்டு. தினமும் ஒரே நேரத்தில் மேல்தண்ணீரிலும் கயிற்றின் அடிமுனை ஆழத்திலும் சூடு பாருங்கள். தட்டை இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் காட்டிய முறை; இன்றும் பொய் சொல்வதில்லை. அடித்தண்ணீர் குளிர்ந்தால் சத்து ஏறுகிறது என்று அர்த்தம். சில நாளில் பாசி பெருகி, தட்டு சீக்கிரம் மறைய ஆரம்பிக்கும். தெற்குக் கலிஃபோர்னியாக் கரையில் சுமார் 15 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் நைட்ரேட் ஏறக்குறைய இருக்காது. உங்கள் கடலுக்கு அந்த எண் வேறு. அதை உங்கள் நோட்டுதான் சொல்லும். எந்தப் பாக்கெட்டின் மேலும் அச்சடித்திருக்காது.

நீண்ட சூட்டுக்குப் பிறகு தண்ணீர் குளிர்ந்து பச்சை திரும்பினால், உடனே அறுவடைக்கு இறங்காதீர்கள். 2015இல் அமெரிக்க மேற்குக் கரையில் சூடேறிக் கிடந்த கடலில் சூடோ-நிட்சியா என்ற டயட்டம் பெருகியது. அது சுரந்த டோமோயிக் அமிலத்தால் சிப்பியும் நண்டும் பிடிப்பதைப் பல இடங்களில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. காயின் நிறமோ கொழுப்போ காட்டிக்கொடுக்காது. மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு கைக்கு வந்தபின் கயிற்றைத் தூக்குங்கள்.