பழைய ஏசியோடு வீட்டை விற்கும்போது எதைச் சொல்லியாக வேண்டும்?

கேள்வி: திருவான்மியூரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டை விற்கப் போகிறோம். 2012-இல் பொருத்திய மூன்று ஸ்பிளிட் ஏசிகளையும் வீட்டோடு விட்டுவிடுவதாகப் பேச்சு. அவற்றில் படுக்கையறை ஏசிக்கு ஒவ்வொரு கோடையிலும் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னால் விலை இறங்கிவிடும் என்கிறார் தரகர். சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லிவிடுங்கள், அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றி வரும் அது ஆண்டுதோறும் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவு எங்கே என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கடமையும் அமையும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று அவுட்டோர் யூனிட்டின் காயிலை அரித்துவிடும். விரலால் தொட்டாலே அலுமினியத் தகடுகள் வெண்பொடியாக உதிர்வதைப் பார்க்கலாம். குழாய் இணைப்பின் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் அங்கே வெளியேறுகிறது என்று கொள்ளலாம். இவை வாங்குபவரின் கண்ணுக்கும் படக்கூடியவை. ஆனால் சுவருக்குள் புதைத்த செம்புக் குழாயில் ஓட்டை விழுந்திருந்தால், அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஏசியைக் கழற்றிவிட்டு, குழாயில் மட்டும் நைட்ரஜன் செலுத்தி அழுத்தம் இறங்குகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசியின் தண்ணீர் வடிய சுவருக்குள் செல்லும் குழாயையும் அப்போதே சோதித்துவிடுவது நல்லது.

விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறைகளைச் சொல்ல வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. சொல்லாமல் விடுவதை அதே பிரிவு மோசடியாகக் கருதுகிறது. இந்தப் பிரிவு வீடு போன்ற அசையாச் சொத்துக்கானது; கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய ஏசியோ பொதுவாக அசையும் பொருள். ஆனால் சுவருக்குள் இருக்கும் குழாயும் ஒயரிங்கும் வீட்டோடு சேர்ந்தவை என்பதால், அவற்றில் நீங்கள் அறிந்த குறையை மறைக்காதிருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று தரகர் சொல்லக்கூடும். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வரியை நான் நம்பமாட்டேன்.

அடுத்து, அவுட்டோர் யூனிட்டின் பெயர்த்தகட்டில் எந்த கேஸ் என்று பாருங்கள். ஆர்-22 என்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஓசோன் படலத்தைப் பாதிக்கும் அந்த கேஸை மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா படிப்படியாகக் கைவிட்டு வருவதால், பழுது பார்க்கும் செலவு வருங்காலத்தில் கூடும். ஆர்-22-க்கான ஏசியில் ஆர்-32 என்ற வேறு கேஸை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, அழுத்தமும் அதிகம்.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஏசியின் அறை, நிறுவனம், டன் அளவு, பொருத்திய ஆண்டு, இன்றைய நிலை ஆகியவற்றை இணைப்புப் பட்டியலாகச் சேர்த்து, படுக்கையறை ஏசிக்கு எதிரே ‘ஆண்டுதோறும் கேஸ் நிரப்பப்படுகிறது’ என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் நகல் கொடுங்கள். அந்த ஏசியைக் கழற்றிவிட்டே விற்பதென்றால், எஞ்சிய கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து வால்வுகளை மூடிய பிறகே கழற்றச் சொல்லுங்கள். குழாய் முனைகளையும் அடைத்துவிட்டு, சோதனையில் தெரிந்ததை அதே பட்டியலில் குறித்துவிடுங்கள்.